விண்ணப்பக்காரி

நவம்பர் பிறந்தால் நியூஜெர்சியின் எடிசன், ஐசலின் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சில பெண்களின் நகக்கண்ணில் களிமண் ஏறிவிடுகிறது. வயசு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். தோளில் அவளைவிட அகலமான ஒரு கறுப்புப் பை. பேச்சில் பாதி மௌனம். அந்த மௌனமும் பயிற்சியில் சேர்த்தி. இவள்தான் விண்ணப்பக்காரி. கலைச் சிகிச்சை முதுகலைப் படிப்புக்கு மனுப் போடுகிறாள். இந்தப் படிப்பை வைத்திருக்கும் நியூயார்க் பல்கலைக்கழகம், பிராட், ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் மூன்றும் ரயிலேறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி: ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அப்பாவின் கதை வேறு. "டாக்டருக்குப் பக்கத்து வீடுதானேன்னு சைக்காலஜியில சேத்துவிட்டேன். அவ பின்வாசல் வழியா ஓவியக் கிளாசுக்குப் போயிட்டா" என்று பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் பிரசாத வரிசையில் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் அது பின்வாசல் இல்லை, முன்வாசலே அதுதான். உளவியலில் 12 கிரெடிட், கையால் வரைந்தும் பிசைந்தும் செய்யும் கலை வகுப்புகளில் 18 கிரெடிட் என்பது அமெரிக்கப் பள்ளிகள் நெடுநாளாகக் கேட்டுவரும் முன்தகுதி. விண்ணப்பக்காரியிடம் முதலாவது கொட்டிக் கிடக்கும். இரண்டாவதில் பாதி குறையும். அதனால் கவுண்ட்டி கல்லூரியின் மாலை வகுப்பில், ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சக்கரம் சுற்றுகிறாள். முதல் கிண்ணம் கோணல். இரண்டாவதும் கோணல்தான், ஆனால் அதற்குள் விவரம் வந்துவிட்டது. 'சாய்தல்' என்று தலைப்பு வைத்துவிட்டாள். அது இப்போது போர்ட்ஃபோலியோவில் ஏழாவது படைப்பு. போன மார்கழியில் பாட்டி கராஜ் வாசலில் போட்ட கோலம் எட்டாவதாகப் போகவிருந்தது. "நான் போட்டதுக்கு நீ எப்படிடி மார்க் வாங்குவே?" என்று பாட்டி கேட்டதில் அது கைவிடப்பட்டது.

வரலாறும் பேசுவாள். யாரும் கேட்காவிட்டாலும் பேசுவாள். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய்க்காக ஒரு சானட்டோரியத்தில் படுத்திருந்தார். படுத்த இடத்திலேயே வரைந்து பொழுதை ஓட்டியவர், பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942-இல் 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் அப்பா சொன்னார்: "தாம்பரத்துலயும் சானட்டோரியம் உண்டு. எங்க சித்தப்பா அங்க இருந்தார். அவர் சீட்டுதான் ஆடினார். குணமாயித்தான் வந்தார்."

அமெரிக்காவில் இந்தத் துறைக்கு இரண்டு கட்சி. மார்கரெட் நௌம்பர்க்குக்கு ஓவியம் என்பது மனசின் அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்து பேச வைக்கும் வழி. வியன்னாவில் பிறந்து, 1938-இல் நியூயார்க்குக்குத் தப்பி வந்த ஈடித் கிரேமருக்கோ வரைவதே மருந்து, பேச்செல்லாம் அப்புறம். விண்ணப்பக்காரி எந்தக் கட்சி என்பது, அந்த வாரம் எந்தப் பள்ளிக்கு எழுதுகிறாள் என்பதைப் பொறுத்தது.

விருந்தாளிகள்தான் பாவம். மரத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பறிப்பதை வரையச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. லிண்டா கேன்ட், கார்மெல்லோ டபோன் என்ற இருவர் அதை மதிப்பிட 14 அளவுகோல்கள் வகுத்து, 1998-இல் கையேடே போட்டிருக்கிறார்கள். 12-க்கு 18 அங்குலத் தாள், 12 நிற மார்க்கர்; அந்த மார்க்கர்கள் ஒவ்வொன்றும் ஒரு வாசனை அடிக்கும். பாயசம் முடிந்து மேசையைத் துடைத்ததும் இவை வந்து இறங்கும். "சும்மா ஜாலிக்குத்தான் மாமா. இதுல ரைட்டு, தப்பு கிடையாது" என்பாள். சரி தப்பு கிடையாது என்று சொன்னால் நம்மவர்களுக்கு வியர்த்துவிடும். படித்த பள்ளிக்கூடம் அப்படி. வங்கியில் டேட்டாபேஸ் பார்க்கும் ஒரு மாமா, மரத்துக்கு ஒரு பெட்டி, ஆப்பிளுக்கு ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். மாமி வரைந்த படத்தில் ஏணி மேல் ஒருத்தி எட்டி எட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். மரத்தடி நிழலில் ஒருவர் ஃபோன் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் விளக்கம் சொல்லக் கூடாது, அது எதிக்ஸ் இல்ல" என்றாள் விண்ணப்பக்காரி. விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. காரில் திரும்பும்போது அவர்களுக்குள் நடந்தது அந்த 14 அளவுகோலிலும் அடங்காது.

இதெல்லாம் சில்லறை. ஆளை உருக்குவது தன்விளக்கக் கட்டுரைதான். இந்தத் துறைக்கு நீ ஏன் வருகிறாய் என்று இரண்டு மூன்று பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அதில் ஒரு காயம் இருந்தால் நல்லது; ஆனால் ஆறியிருக்க வேண்டும். ஆறாத காயத்தோடு போனால், முதலில் நீ போய்ப் பார்த்துக்கொண்டு வா என்று நினைப்பார்கள். காயமே இல்லாமல் போனால், இங்கே உனக்கென்ன வேலை என்று நினைப்பார்கள். இப்படித்தான் விண்ணப்பக்காரிகள் நம்புகிறார்கள். நம்முடையவளுக்கோ வாழ்க்கையில் நேர்ந்த பெரிய துயரம், அரங்கேற்றத்தன்று தில்லானா நடுவில் சலங்கை அவிழ்ந்ததுதான். கழுத்து வலிக்க யோசித்து, 'உணர்ச்சிகளைப் பேசாத, மௌனமான ஒரு வீட்டில் வளர்ந்தேன்' என்று தொடங்கினாள். பிரின்டரில் கிடந்த தாளை அம்மா படித்துவிட்டாள்.

"யார் வீட்டுலடி மௌனம்? நாம பேசுற சத்தம் தாங்காம பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல மாத்தினான்!"

அப்பா சமாதானத்துக்கு வந்தார். "கஷ்டம்தானே வேணும்? நான் ஹெச்1பியில வந்தப்ப எட்டுப் பேர் ஒரே அப்பார்ட்மென்ட்ல இருந்தோம். அத எழுதிக்க."

"அது உங்க ட்ராமா அப்பா."

"இன்ஷூரன்ஸ்ல எல்லாரையும் ஃபேமிலி ப்ளான்ல போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் தனித்தனியா வேணுமா?"

கட்டுரை ஒருவழியாக வந்தது முதியோர் இல்லத்திலிருந்து. அனுபவத்துக்காகச் சனிக்கிழமைகளில் அங்கே போய் வரைய உதவுவாள். முதல் நாள் மெல்லிசை, மெல்லிய குரல், கேள்விப் பட்டியல் எல்லாவற்றோடும் போனாள். ஒரு பாட்டி படகு வரைந்தார். "இந்தப் படகு உங்களுக்கு என்ன சொல்லுது?" என்று குனிந்து கேட்டாள். "படகு என்ன சொல்லும்? பென்சில் மழுங்கிப்போச்சு, சீவிக் கொடு" என்றார் பாட்டி. அன்று முழுக்கப் பென்சில் சீவினாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் சீவினாள். படகுகள் பெருகின, கப்பலாயின, ஒரு துறைமுகமே வந்தது. 'மூன்றாவது கை' என்று கிரேமர் எழுதியிருக்கிறார்: சிகிச்சையாளர் தன் பாணியைத் திணிக்காமல், வரைகிறவரின் எண்ணத்தைத் திருப்பாமல், அவர் படம் முடிய உதவும் கை. அது என்னவென்று சீவும்போதுதான் தெரிந்தது என்று ஒரு பத்தி எழுதினாள். அந்தப் பத்தியை நான் கேலி செய்யமாட்டேன், நன்றாகவே இருந்தது. அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "ஊரார் வீட்டுப் பாட்டிக்குப் பென்சில் சீவுறா. இங்க நாலு கத்தரிக்காய் நறுக்கித் தாடின்னா டெட்லைன்ங்கிறா."

பிறகு நேர்காணல். சில பள்ளிகளில் தனியாகக் கேள்வி கேட்டு அனுப்பிவிடுவதில்லை. விண்ணப்பித்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படம் செய்யச் சொல்வார்கள். இவள் போன இடத்தில் மேசைக்கு ஒரே ஒரு கோந்துதான் இருந்ததாம். சுற்றியிருந்த அத்தனை பேரும் அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்பவர்கள். தங்களை யாரோ கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தவர்கள். "நீங்க எடுத்துக்குங்க", "இல்ல இல்ல, நீங்க முதல்ல" என்று கோந்து இரண்டு சுற்று வந்தது. யாரும் எதையும் ஒட்டவில்லை. பிரசாத வரிசையில் வளர்ந்தவள் எத்தனை நேரம் பொறுப்பாள்? கோந்தைப் பிடுங்கி ஒட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து, எல்லாம் போச்சு என்று ஒரு மூச்சு அழுதாள்.

இடம் கிடைத்துவிட்டது.

இனி இரண்டு வருஷம் போல 60 கிரெடிட். அதற்குள் மேற்பார்வையில் 700 மணி நேரமாவது மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி. பட்டம் வாங்கிய பிறகு நியூயார்க்கில் உரிமம் வேண்டுமானால் இன்னொரு 1,500 மணி நேரம். இதற்கு நடுவில் அவளை ஏதாவது கல்யாண வீட்டில் பார்த்து, "படம் வரையறதுக்கெல்லாம் பட்டமா?" என்று கேட்கத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். அதைக் கேட்கும்போது உங்களுக்குள் என்ன ஓடியது என்று அவள் திருப்பிக் கேட்பாள். நீங்கள் பதில் சொல்லும்வரை காத்தும் இருப்பாள். அவளுக்கு மணி நேரம் சேர வேண்டியிருக்கிறது.