பாமினியும் பட்டப்பின் படிப்பும்

கேள்வி: தொழில்நுட்பத்தால் மொழி கற்பிக்கும் பட்டப்பின் படிப்பில் சேரட்டோ? ஸ்மார்ட் போர்ட் இருந்தால் பிள்ளையள் தாங்களாகவே படிக்குமெண்டு சொல்லுகினமே? – தமிழாசிரியை, கரவெட்டி

பதில்: கரண்ட் போனால் வெண்கட்டிதான், ரீச்சர்! முதலில் யூனிகோட் பழகுங்கோ. பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அது இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். பிள்ளை அதற்கும் விடை எழுதும், அது வேறு கதை. இணையத்தில் படிப்பிக்கிறது புதுசுமில்லை: சென்னையில் 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வெளிநாட்டுத் தமிழருக்கு இணையவழியே தமிழ் படிப்பித்தது. வாசிக்க மட்டுமெண்டால், உங்களூர்ப் பேராசிரியர் சிவத்தம்பியின் நூல்களை ‘நூலகம்’ தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். நீங்கள் சேரப்போற படிப்பின் பாடத்திட்டத்தில் வெறும் செயலிகளின் பெயர்ப்பட்டியல்தான் என்றால் காசைக் கட்டாதேங்கோ. வகுப்பில் நின்று படிப்பித்துக் காட்டச் சொன்னால், இண்டைக்கே விண்ணப்பியுங்கோ.