தாயத்துக் கட்டுன கேமரா

வாடா பேராண்டி. என்னது கழுத்துல, மாலை மாதிரித் தொங்குது? 70-200 லென்ஸா! ரெண்டு கறவை மாட்டு வெலைன்னு உங்கப்பன் பொலம்புனான். அதோட வாடிவாசலுக்கு மூக்குமுட்டப் போயி நிக்கப்போறியாம்ல? நல்லது. காளைக்கும் ஆசைதான், எவனாச்சும் கிட்டக்க வரமாட்டானான்னு.

எனக்கென்னடா தெரியும், மாடு மேய்ச்ச பய. தை பொறந்தா பத்திரிகைக்காரரு ஒருத்தரு நம்ம திண்ணையிலதான் படுப்பாரு. மொத நாள் அவனியாபுரம், மறுநா பாலமேடு, மூணாம் நாள் நம்ம அலங்காநல்லூரு. அவரு பையத் தூக்குன பாவத்துக்கு நாலு வார்த்தை காதுல விழுந்துருக்கு.

லென்ஸ் மூஞ்சியில என்ன, யூவி ஃபில்டரா? ஓ, தாயத்து! கட்டிக்க, வேணாங்கல. தூசிக்கும் காளை எச்சிக்கும் நல்லதுதான். ஆனா மாடு பின்னங்கால்ல எத்திவிட்ட கல்லுக்குத் தாயத்தெல்லாம் தெரியாது. அப்பளக் கனந்தான் அந்தக் கண்ணாடி. ஒடைஞ்சா, காவலுக்கு வச்ச பயலே சில்லாலே லென்ஸக் கீறிட்டுப் போவான். அந்தப் பத்திரிகைக்காரருக்கு அப்புடித்தான் ஆச்சு. வளையம் நசுங்கி மரையில இறுகிக்கிட்டு, கழட்டவும் முடியல. மலிவு ஃபில்டருன்னா இன்னும் விசேசம். எதிர்வெயில்ல எடுத்தா காளைக்குப் பக்கத்துல ரெண்டாவது சூரியன் நிக்கும். ஊர்க்காரன் படத்துக்குச் சூடம் காட்டிருவான்.

நெசமான காவக்காரன் இந்தப் பிளாஸ்டிக்குக் குழா, ஹூட்டு. அதைத்தான் நீ வாயை உம்பக்கம் திருப்பி, தலைகீழா மாட்டி வச்சிருக்க. குடைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு நனையிற கதை. முன்னால திருப்பி, டொக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகு. தடுப்புக் கட்டையில இடிச்சா அது ஒடையும். ஒடையட்டும். லென்ஸ் வெலையில அது கறிவேப்பிலைக் காசு.

விழுகிறவன் எலும்பு தப்பணும்னு வாசலுக்கு முன்னால தென்னை நாரு பரப்பியிருப்பாக. நாலு மாடு பாஞ்சா நார்த்தூளும் புழுதியும் பொகையாட்டம் எந்திரிக்கும். அதுக்குள்ள நின்னு லென்ஸ மாத்தாத. சென்சாரு மேல ஒட்டுன தூசி, அன்னைக்கு எடுக்குற அத்தனை காளைக்கும் ஒரே எடத்துல மச்சம் வைக்கும். பையில கெடக்கே 24-105, சூம் பண்ணப் பண்ண நீளுமே, அது கொல்லம்பட்டறைத் துருத்தி மாதிரி. இழுக்கயில காத்தோட புழுதியவும் குடிக்கும்.

அட, என்னடா வாயால ஊதுற? எச்சி தெறிக்குது பாரு. இப்ப சட்டையால வேற தொடைக்கிறான்! மண்ணு ஒட்டுன சட்டையும் உப்புத்தாளும் ஒண்ணுதான். லென்ஸக் குப்புறக் கவுத்துப் பிடிச்சு, அந்த ரப்பர் பந்தை அமுக்கி ஊது. பொறவு மெல்லிசுத் துணி. ஒரு பொட்டுத் தூசி தங்குனா தங்கட்டும், படத்துல தெரியாது. வெரல் ரேகைதான் எதிர்வெயில்ல பாலு ஊத்துனாப்புல மங்கடிக்கும்.

அந்த 24-105ஐ எங்கிட்டு வச்சு எடுக்கப்போற? தடுப்புக்கு இங்கிட்டுன்னா சரி. 24ல வச்சுப் பாத்தா காளை அடுத்த தெருவுல நிக்கிற மாதிரித்தான் தெரியும். கண்ண எடுத்துப் பாத்தா உஞ்சட்டைப் பித்தானை மோந்துக்கிட்டு நிக்கும்.

என்ன முழிக்கிற? ஹூட்டத் திருப்புடா மொதல்ல.