தப்பே சொல்லாத டீச்சரம்மா

அமெரிக்கச் சிற்றூர்களில் குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வைக்கான துணி விற்கும் கடைகளின் பின்கட்டில் பெரும்பாலும் வகுப்பறை ஒன்று இருக்கும். சனிக்கிழமை காலை அங்கே தையல் மிஷின்கள், இஸ்திரி மேசை, ஒரு டீச்சரம்மா எல்லாம் தயார். வயது எழுபதை நெருங்கும். கழுத்தில் மாலையாக இஞ்சு டேப், மணிக்கட்டில் குண்டூசி மெத்தை. வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ‘ஹனி’தான். பெயரை ஞாபகம் வைக்கிற தொல்லை இல்லை பாருங்கள்.

பாடம், ஸ்டெயின்டு கிளாஸ் குவில்ட். தேவாலய ஜன்னலின் வண்ணக் கண்ணாடியைத் துணியில் கொண்டுவரும் வித்தை. கண்ணாடிச் சில்லுகளுக்குப் பதில் வண்ணத் துணி. அவற்றைப் பிணைக்கும் ஈயத்துக்குப் பதில் கால் அங்குலக் கறுப்புப் பட்டி. நம்மூர் டெய்லர்கள் சொல்லும் கிராஸ் பட்டியேதான். 45 டிகிரி சாய்த்து வெட்டினால்தான் சொன்னபடி வளையும். வளைவில் உள்ஓரத்தை முதலில் தைக்க வேண்டும், வெளிஓரத்தை அப்புறம். மாற்றினால் சுருக்கம் விழும். இதை அவர் மூன்று தடவை சொல்வார். தலையாட்டிவிட்டு எல்லாரும் வெளிஓரத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஆனாலும் ‘தப்பு’ என்ற சொல் அவர் வாயில் வராது. பட்டி கோணினால், “கைவேலைன்னு தெரியுது, ஹனி!” சுருங்கினால், “இலைக்கு நரம்பு வந்திருக்கே!” ஒரு பட்டியின் நுனி அடுத்த பட்டிக்கு அடியில் ஒளியாமல் நட்டநடுவில் துருத்திக்கொண்டு நின்றால், “அங்கே ஒரு பட்டாம்பூச்சி வெச்சிடலாம்.” ரோஜா முட்டைக்கோஸாகிவிட்டால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சுவாரசியமா இருக்கு” என்பார். அதைக் கேட்டவர் பேசாமல் தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

இத்தனை சாந்தமும் ஒரு கத்தரிக்கோல் வரைக்கும். துணி வெட்டும் கத்தரியால் யாராவது மாதிரிக் காகிதத்தை வெட்டிவிட்டால் போச்சு. முனை மழுங்கிப்போகுமே! மிஷின்கள் நின்றுவிடும். ‘ஹனி’ காணாமல் போய், குற்றவாளியின் முழுப்பெயர் குடும்பப் பெயரோடு முழங்கும். எல்லார் பெயரும் அம்மையாருக்கு அத்துப்படி என்பது அப்போதுதான் தெரியவரும்.

சாயங்காலத்துக்குள் ஜன்னலை முடித்தவர் எவரும் இல்லை. பாதி ரோஜாவோடு அடுத்த வகுப்புக்கும் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். டீச்சரம்மாவோ, வாங்கிய சம்பளத்தை அதே கடைக் கல்லாவில் போட்டு நாலு கெஜம் பாத்திக் துணி எடுப்பார். அது கார் டிக்கியிலேயே கிடக்கும், வீட்டுக்காரர் தூங்கும் வரை.