நடையதிகாரம்: லட்லோ படலம்

தமிழில் எழுதுவதும் நடை, நடப்பதும் நடை. கோயிலைப் பூட்டினாலும் நடை சாத்தியாயிற்று என்கிறோம். எழுத்து நடைக்கு இலக்கணம் வகுத்த பெரியோர் கால் நடையை ஏன் விட்டார்கள் என்பது ஆராயத்தக்கது. சேர்த்து எழுதினால் மாடாகிவிடும் என்று அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் வீண் அல்ல என்பது பின்னே காளைப் பகுதியில் விளங்கும்.

குறையைத் தீர்க்க இச்சிறு நூல் எழுந்தது. உலகம் முழுவதையும் அளப்பது முதல் நூலுக்கு ஆகாது என்பதால் இங்கிலாந்தை எடுத்து, அதிலும் ஷ்ராப்ஷயரை எடுத்து, அதிலும் வேல்ஸ் எல்லையை ஒட்டிய லட்லோ என்ற சிற்றூரை எடுத்துக்கொண்டோம். குன்றின்மேல் ஒரு நார்மன் கோட்டை. ஊரின் இரு பக்கத்தை வளைத்துக்கொண்டு டீம் என்னும் ஆறு. கிரிக்கெட் அணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆறும் மேடும் அயலான் வயலும்
சேறும் மழையும் செறிந்தது நடையே.

என்பது நூற்பா. இதன் பொருள் யாதோ எனின்: ஐந்தும் கூடினால்தான் அது ஆங்கில நாட்டுப்புற நடை, ஒன்று குறைந்தால் பூங்காவில் உலாத்தல். இதற்கு முதற்பொருள், ஈர நிலமும் ஞாயிறு காலையும். கருப்பொருள், செம்மறியாடு, வேலி, தெர்மாஸ், ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம். உரிப்பொருள், மழை வருமோ என ஐயுறுதலும் ஐயுறுதல் நிமித்தமும்.

ஐந்தில் தலையாயது 'அயலான் வயல்' என்க. ஆறும் மேடும் எந்த நாட்டிலும் உண்டு. பிறர் நிலத்தின் நடுவே, உரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருக்குக் கையசைத்துவிட்டுப் போகும் உரிமைதான் இந்நடையின் உயிர். அது தானாக வந்ததல்ல. 1932 ஏப்ரலில் டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் வந்த சட்டம், ஊர்வழிகளை வரைபடத்தில் குறித்துவைக்கும் கடமையை உள்ளாட்சிகளின் தலையில் ஏற்றியது. 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, உரிமையோடு மக்கள் நடந்த தடம் பொதுவழியாகக் கொள்ளப்படும் என்பது இன்னொரு விதி. வயலை உழும்போது வழி அழிந்தால் 14 நாளுக்குள் மீண்டும் தெரியும்படி செய்து தரவேண்டும். நடந்து நடந்தே சட்டமாவது உலகில் வேறெதுவும் உண்டோ எனின், வழக்கிலக்கணம் ஒன்று உண்டு.

இனி வழி நான்கு வகைப்படும். மஞ்சள் அம்பு கண்டால் காலுக்கு மட்டும். நீல அம்பு காலுக்கும் குதிரைக்கும் சைக்கிளுக்கும். ஊதா அம்புக்கு வண்டியும் சேரும், மோட்டார் சேராது. சிவப்புக்கு எல்லாம் சேரும். நிறம் பார்த்து நட என்பதோடு இது முடிந்தது. நான்கையும் சேறு ஒரே நிறமாக்கிவிடுவதால் விரிக்கவில்லை.

வேலியைத் தாண்டும் வாயில்களில் கடவை, கதவு என இரண்டு சிறந்தன. கடவை என்பது ஏறி இறங்கும் பலகைப்படி. முதுகுப்பையோடு ஏறுபவரின் வயதை அதுவே ஊருக்கு அறிவித்துவிடும். கதவில் ஒரு வகைக்கு ஆங்கிலேயர் முத்தக்கதவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிறு கூண்டுக்குள் ஆடும் கதவு அது. ஒருவர் நுழைந்து, ஒதுங்கி, கதவை மறுபக்கம் தள்ளி வெளியேற வேண்டும். இரு பக்கச் சட்டத்தையும் கதவு தொட்டுத் தொட்டு வருவதால் அப்பெயர் என்பார் ஒரு சாரார். கதவைத் திறந்துவிடக் கூலி கேட்கும் உரிமை முன்னே போனவருக்கு உண்டு என்பார் மற்றொரு சாரார். பின்னவர் பெரும்பாலும் புதுமணத் தம்பதியர் ஆதலின் அவர் உரை கொள்ளப்படவில்லை.

காளை இயல். சேர்த்து எழுதும் கால்நடையை இங்கே சந்திக்கிறோம். பொதுவழி போகும் வயலில் காளையை விடலாமா என்ற ஐயத்தை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தீர்த்துவைக்கிறது. 10 மாதத்துக்கு மேற்பட்ட காளை பால் இனத்ததாயின் விடக்கூடாது. பால் இனம் ஏழு: அயர்ஷயர், பிரிட்டிஷ் ஃபிரீசியன், பிரிட்டிஷ் ஹோல்ஸ்டீன், டெய்ரி ஷார்ட்ஹார்ன், கெர்ன்சி, ஜெர்சி, கெர்ரி. பிற இனமாயின், கூடவே பசுவோ கிடாரியோ இருந்தால் விடலாம். பால் இனக் காளைக்கு முன்கோபம் அதிகம். மற்றதோ பெண்டிர் உடனிருந்தால் அடங்கியிருக்கும் என்ற துணிபு இதில் பொதிந்துள்ளது. சட்டம் இயற்றியவர்கள் குடும்பஸ்தர்களாக இருந்திருக்க வேண்டும்.

நடப்பவர் கடமையை நினைத்துப் பாருங்கள். வயலின் நடுவே எதிரே ஓர் உருவம் தலை தூக்குகிறது. முதலில் அது காளையா என்று பார்க்க வேண்டும். பிறகு இனம். பிறகு வயது, நம்மூர் மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பார்கள், இங்கே அதற்கு அது இணங்குமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பிறகு கிடாரிகளை எண்ண வேண்டும். இத்தனையும் முடிந்து, சட்டவிரோதமான காளைதான் என்று தெளிவடைபவர், தெளிவடையும்போது வேலிக்கு அப்பால் இருக்கிறார் என்பதே எம் அனுபவம்.

லட்லோ பக்கம் அதிகம் தென்படுவது செம்மேனியும் வெள்ளை முகமும் கொண்ட ஹெரஃபோர்ட். அது இறைச்சி இனம், ஏழில் சேராது. சாதுவான மாடு, சட்டப்படியும் சரி. உண்மையில் பயப்பட வேண்டியது காளைக்கு அல்ல, கன்றோடு நிற்கும் பசுவுக்கு, அதுவும் நம்மோடு நாய் இருந்தால். மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடு என்பது அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். நாய் தப்பித்துக்கொள்ளும். நாமும்.

நேர இலக்கணம் நெய்ஸ்மித் என்பவர் 1892-ல் வகுத்தது: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அவர் ஸ்காட்லாந்துக்காரர், வழியில் தேநீர்க்கடை வரும் என்று கணக்கிடவில்லை. அவ்விதிக்கு லட்லோ புறனடை.

நடந்தோரையும் வகைப்படுத்துவோம். நடந்துவிட்டு எழுதுவோர், எழுதுவதற்காக நடப்போர், நடவாமலே எழுதுவோர். மூன்றாம் வகைக்குத் தலைவர் ஹவுஸ்மன். 'எ ஷ்ராப்ஷயர் லாட்' என்ற கவிதைத் தொகுப்பை 1896-ல் வெளியிட்டு இவ்வட்டாரத்தையே உலகறியச் செய்தவர் பக்கத்து வூஸ்டர்ஷயர்க்காரர். ஷ்ராப்ஷயரில் அதிக நாள் தங்கியவர் அல்லர். சிறுவயதில் மேற்கே தொடுவானில் தெரிந்த மேடுகளே போதுமாயிருந்தன. ஆனாலும் 1936-ல் இறந்தபின் அவர் சாம்பல் லட்லோ தேவாலயச் சுவரோரம்தான் வந்து சேர்ந்தது. நடை தாமதமாயிற்றே தவிர தவறவில்லை.

இனி எடுத்துக்காட்டு. கோட்டை மதிலை ஒட்டிச் சரிவில் இறங்கினால் 1823-ஆம் ஆண்டு டின்ஹம் பாலம். பாலத்தருகே நீர் தடுப்பணையில் வெண்ணிறமாக விழுகிறது. இலையுதிர் காலத்தில் சால்மன் மீன் அதை எதிர்த்துத் துள்ளும். மீனும் ஏறும் ஊரில் மனிதர் ஏற மூச்சு வாங்குவது வெட்கமே. அக்கரையில் விட்கிளிஃப் பொதுநிலம். மேலே ஏறித் திரும்பினால் கோட்டை, தேவாலயக் கோபுரம், பின்னணியில் கிளீ மேடுகள் என்று ஊர் முழுவதும் தாம்பாளத்தில் வைத்ததுபோல் தெரியும். இதைப் பார்க்கத்தான் எல்லாரும் ஏறுகிறார்கள். எம் ஓட்டு கீழே ஆற்றங்கரையோடு போகும் வழிக்கே. பெயர் பிரெட் வாக். பாதை போட்ட கூலியாட்களுக்குக் காசு கொடுத்தால் மதுக்கடைக்குப் போய்விடும் என்று ரொட்டியாகக் கொடுத்தார்கள், அதனால் இப்பெயர் என்பது ஊர்ப்பேச்சு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரத்தினூடே ஆறு. வெயில் கீற்றுக் கீற்றாக விழும். அந்த நிழலில் நடக்கையில் ரொட்டி வாங்கியவன் முகம் என்னவாக இருந்திருக்கும் என்று தோன்றாமல் போகாது. ரொட்டியை விற்றுக் குடித்தவன் ஒருவனாவது இருந்திருப்பான் என்று நம்ப ஆசை.

வழி முடியும் இடம் லட்ஃபர்ட் பாலம். பாலத்தைத் தாண்டினால் பழைய ஊர்வாயில் ஒன்றுக்குள் நுழைந்து கடைத்தெருவுக்குப் போய்விடலாம். அவசரப்படாமல் பாலத்தின் இப்பக்கச் சாலையோரப் பாறையைப் பாருங்கள். மர்ச்சிசன் என்ற நிலவியலாளர் 1839-ல் வெளியிட்ட சிலூரியன் நூலால் இவ்வூர்ப் பெயரே பூமியின் ஒரு காலத்துக்குப் பெயராயிற்று. பழங்கால மீன்களின் செதிலும் எலும்புத் துணுக்கும் அடைந்த மெல்லிய படுகை அங்கே உண்டு. அவ்விடத்துப் பாறையிலிருந்தே பூரான்களும், சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு பூச்சியும் கிடைத்ததாக 1990-ல் அறிவித்தார்கள். சுமார் 42 கோடி ஆண்டுப் பழையவை. தரையில் நடந்த உயிர்களில் இதுவரை கிடைத்த மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை.

ஆகவே இவ்வழியின் உரிமை குறித்து யாரேனும் வழக்குத் தொடுத்தால் முதல் மனு பூரானுடையது. தடையின்றி நடந்தது, ஒளிவுமறைவின்றி நடந்தது, 20 ஆண்டுக்கு மேலும் நடந்திருக்கும். உரிமையோடு நடந்ததா என்பதற்கு மட்டும் சாட்சி வேண்டும். அப்போது நிலத்துக்கு உரியவர் யார் என்று தெரியவில்லை.