பழியெல்லாம் பூட்ஸுக்கே

ஒரு கோலில் தோற்பதைவிட ஒன்பது கோலில் தோற்பது எவ்வளவோ தேவலை. ஒன்பது கோல் வித்தியாசம் என்றால் ஊர் அன்று ஒரு நாள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளும், மறுநாள் சாமைக் காட்டுக்குப் போய்விடும். பேச என்ன இருக்கிறது? ஒரு கோலில் தோற்றால்தான் ஆபத்து. ஆட்டம் முடிந்த பிறகும் அவனவன் மனசுக்குள் பந்து உருண்டுகொண்டே இருக்கும். சித்தேரியில் இப்போது அந்த நிலைமைதான். அடிவாரத்திலிருந்து ஏறி வந்த அணியிடம் எங்கள் பையன்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதுவும் கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டை விட்டுவிட்டு. அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் மைதானம் நிஜமாகவே கோணல். மலைமேல் சமதளமாக நாலு சென்ட் கிடைத்தால் முதலில் வீடு கட்டுவார்கள், அடுத்து வெள்ளாமை வைப்பார்கள், மிச்சம் மீதிதான் பந்துக்கு. மேலிருந்து கீழே ஆடும் பாதியில் எல்லோரும் பீலே. கீழிருந்து மேலே ஆடும் பாதியில் எல்லோருக்கும் மூச்சிரைப்பு. கீழ்ப்பக்கக் கோலைத் தாண்டி ஓங்கி உதைத்துவிட்டால், வள்ளிமதுரைக்குப் போய் வரட்டாறு அணையில்தான் பந்தை எடுக்க வேண்டும் என்று கேலி பேசுவோம். உண்மையில் பத்தடியில் உண்ணிச்செடிப் புதரில் மாட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு எங்களுக்குத்தான் இறக்கம். இரண்டு பெனால்டியும் அந்தப் பாதியில்தான் கிடைத்தன. ஆகவே கூடத்தின் மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று.

பெனால்டி என்பது பார்க்கச் சின்ன வேலை. பதினோரு மீட்டர் தூரம். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரத்துக்கு ஒரு வாசல். எங்கள் வாசலும் ஏறக்குறைய அந்த அளவுதான், மூங்கில் கிடைத்ததைப் பொறுத்து. தூரத்தை ரெஃப்ரி எட்டு வைத்து அளந்தார். மனிதர் நெடுங்கால்காரர் என்பதை எங்கள் தரப்பு இன்னும் மறக்கவில்லை.

முதல் பெனால்டியை அடித்த பையனின் காலில் பூட்ஸ். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பையன்கள் வருஷம் முழுக்க வெறுங்காலில் ஆடுகிறவர்கள். இந்த ஆட்டத்துக்காக, அரூரில் வியாபாரம் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். மொத்தமாக எடுத்ததால் விலை குறைத்தார்களாம், ஆனால் எல்லாம் ஒன்பதாம் நம்பர். ஏழாம் நம்பர் கால்கள் முன்பக்கம் தினத்தந்தியை மடித்துத் திணித்துக்கொண்டு களமிறங்கின. பையன் ஓடிவந்து உதைத்தான். பந்து குறுக்கு மூங்கிலுக்கு மேலே போயிற்று, பூட்ஸ் கோலை நோக்கிப் போயிற்று. கீப்பர் பாய்ந்து பூட்ஸைப் பிடித்தான். நல்ல பிடி என்று எங்கள் பக்கத்திலேயே ஒருவர் கைதட்டினார்.

இரண்டாவது இன்னும் மோசம். அடித்தவன் வேறு பையன், உதையும் நல்ல உதை. ஆனால் கீப்பர் எந்தப் பக்கமும் பாயவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான், பந்து நேராக அவன் வயிற்றில் போய் விழுந்தது. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசிப் பார்த்து, 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீப்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான தடவை இடமோ வலமோ பாய்கிறார்கள், பேசாமல் நடுவில் நின்றிருந்தால் இன்னும் அதிகம் தடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். அந்த அடிவாரத்துப் பையன் எந்தக் கட்டுரையும் படித்தவன் அல்ல. மலையேறி வந்த களைப்பில் நின்றிருந்தான்.

டீக்கடையில் முதல் தீர்ப்பு சித்தப்பாவுடையது. “கல்லுலயும் முள்ளுலயும் நடந்து வளந்த காலுடா அது. கட்டை விரலுக்குப் பந்து தெரியணும். பேப்பரைச் சுத்தி உள்ள வெச்சா அது என்ன பேப்பர் படிக்கவா போவுது? வெறுங்காலா ஒதைச்சிருந்தா ரெண்டும் உள்ள போயிருக்கும்.”

பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சங்கதி தெரிந்து வைத்துக்கொண்டு டீக்கடையில் வாயை மூடிக்கொண்டிருப்பது மனித சுபாவம் அல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக் கதையை எடுத்துவிட்டேன்.

சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜூலை 31, இல்ஃபோர்டில் பிரான்ஸோடு ஆட்டம். நாகா மலையிலிருந்து போன டாக்டர் தாலிமெரன் ஆவ் கேப்டன். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி இரண்டு. சைலேன் மன்னா ஒன்றை விட்டார், மகாவீர் பிரசாத் இன்னொன்றை விட்டார்.

“அதே ரெண்டுக்கு ஒண்ணா?” என்றார் சித்தப்பா.

“அதே ரெண்டு பெனால்டி, சித்தப்பா. ஆனா வெறுங்காலு.”

பெஞ்சு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியாருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. அவர் பூட்ஸ் கட்சி. 1952 ஹெல்சிங்கியில், குளிரில், நம்மவர்கள் மறுபடி வெறுங்காலில் இறங்கி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதையும், அதன் பிறகே கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியதையும், 1956 மெல்போர்னில் பூட்ஸ் போட்ட இந்தியா நான்காம் இடம் வரை போனதையும் அவர் விரலை மடக்கி அடுக்கினார். சும்மா சொல்லக் கூடாது, வாத்தியார் பேச்சில் ஆதாரம் இருந்தது. ஒரு குறைதான். மெல்போர்னில் ஆடியவர்களின் பூட்ஸுக்குள் பேப்பர் இல்லை.

விவாதம் சூடுபிடித்த நேரத்தில் அரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார், பூட்ஸ் வாங்கிக் கொடுத்த அதே மாமா. சித்தப்பாவின் முகம் மாறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. “வாங்க மச்சான், இப்பத்தான் பேசிட்டிருந்தோம். பூட்ஸுல ஒரு கொறையும் இல்ல. பந்துதான் சரியில்ல. காத்து கம்மி.” அந்த நிமிஷத்திலிருந்து பழி பந்தின் மேல் போனது. பந்துக்கு சொந்தபந்தம் கிடையாது, கோபித்துக்கொள்ள ஆளில்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முதல் பெனால்டியை அடித்தது மாமாவின் மகன். அவன் பின்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரன், முன்பின் பெனால்டி அடித்தவன் அல்ல. விசில் ஊதியதும் பந்தைச் சுற்றி ஒரு பஞ்சாயத்து கூடியது. கேப்டன் தான் அடிப்பதாகச் சொன்னான், அவன் மச்சான் தான் அடிப்பதாகச் சொன்னான், கோட்டுக்கு வெளியிலிருந்து மாமா தொண்டையைக் கனைத்தார். அதோடு தீர்ந்தது. பதினோரு ஜோடி பூட்ஸுக்கு முன்னால் கேப்டன் என்ன செய்வான்? பூட்ஸால்தான் தோற்றோம் என்று சித்தப்பா சொன்னது சரிதான், அவர் சொன்ன காரணம்தான் வேறு. இன்னொன்று, எங்கள் பையன்கள் இருட்டும்வரை ஆடுவார்கள், பெனால்டிப் பழக்கத்தை மட்டும் வெளிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று கடைசிக்குத் தள்ளுவார்கள். வெளிச்சம் இருந்ததே இல்லை.

முதல் பெனால்டியை விட்ட பையன் டீக்கடைப் பக்கம் வருவதில்லை. அவன் காதில் யாராவது மன்னாவின் மீதிக் கதையையும் போட வேண்டும். லண்டனில் பெனால்டியை விட்ட அதே மன்னாதான் 1951-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் கேப்டனாக இருந்து, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார். பிறகு பத்மஸ்ரீயும் கிடைத்தது. இவனுக்கு அவ்வளவு வேண்டாம், ஏழாம் நம்பர் பூட்ஸ் போதும்.

எங்களைத் தோற்கடித்த அந்த இரண்டாவது கோல் உள்ளே போனதா, மூங்கிலுக்கு வெளியே போனதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் கோலுக்கு வலை கிடையாது. இப்படி ஒரு தகராறைப் பார்த்துவிட்டுத்தான் லிவர்பூல் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி 1890 வாக்கில் கோலுக்கு வலை கட்ட யோசனை சொன்னாராம். சித்தேரிக்கு அந்த யோசனை இன்னும் மலையேறி வரவில்லை. எனவே, எங்கள் அணிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். பூட்ஸ் வேண்டாம், இரண்டு வலை கொடுங்கள். உங்கள் பிள்ளை அணியில் இருந்தால் ரொம்ப சந்தோஷம், ஆனால் விசில் ஊதும்போது தயவுசெய்து தொண்டையைக் கனைக்காதீர்கள்.