ராஜா எத்தனை கிலோ?

அரண்மனை கைடுகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. எதைக் காட்டினாலும் எடையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கட்டடம் எந்தப் பாணி, அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். விளக்கு இத்தனை கிலோ, வாள் இத்தனை கிலோ, ராஜா இத்தனை கிலோ. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆண்டைச் சொன்னால் நாம் கொட்டாவி விடுகிறோம், எடையைச் சொன்னால் "அப்படியா!" என்கிறோம். வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கடைக்காரர் வைப்பார்?

ஜெய்ப்பூர் சிட்டி பேலஸில் எங்களுக்கு வாய்த்தவர் இந்தத் துறையில் கரை கண்டவர். பெரியம்மா, அக்கா, அத்திம்பேர், மனைவி, நான் என்று இறங்கிய எங்களை ஒரு பார்வை பார்த்தார். "சென்னை?" என்றார். தமிழ் தெரியும் என்றார். தெரிந்தது நான்கு சொற்கள்: சீக்கிரம், பாத்ரூம், சாப்பாடு, போட்டோ. தென்னாட்டுச் சுற்றுலாக் கோஷ்டிகளோடு நடந்து நடந்து காதில் விழுந்தவையாம். யோசித்துப் பார்த்தால் அந்த நான்கைத் தவிர நம் கோஷ்டிகள் பயணத்தில் வேறெதுவும் பேசுவதில்லை.

1727-ல் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூரை நிறுவியது, வித்யாதர் பட்டாச்சார்யா என்ற வங்காளி அதைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுத் திட்டமிட்டது, நகரத்தின் நடுவே அரண்மனை எழுந்தது எல்லாவற்றையும் டிக்கெட் கிழிக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். எடையில்லாத தகவல்கள், சீக்கிரம் நகர்ந்துவிட்டன.

முபாரக் மஹாலில்தான் அவருக்கு உயிர் வந்தது. இப்போது அது ராஜ உடைகளின் காட்சியகம். 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மாதோசிங்கின் அங்கி ஒன்று, பஞ்சு வைத்துத் தைத்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் கை விரித்து நிற்கிறது. எங்கள் ஐந்து பேரில் மூவரை உள்ளே விட்டு நாடாவைக் கட்டிவிடலாம். "டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி கிலோ!" என்றார் கைடு. அங்கியா, ராஜாவா என்று கேட்டேன். ராஜாவாம். 250 கிலோவை அந்தக் காலத்தில் எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி, "பாத்தேளா? உங்க சைஸ் எங்கேயுமே கிடைக்கறதில்லேன்னு சொல்லிண்டிருந்தேளே" என்றாள். ராஜாவின் எடை பற்றிய என் ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

அடுத்து ஆயுதச் சாலை. வாசலுக்கு மேலே குத்துவாள்களை வரிசையாக அடுக்கி ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்பில் பார்த்ததைவிட மனப்பூர்வமான வரவேற்பு. நான் அதிகம் நிற்கவில்லை.

நிற்க வேண்டிய இடம் திவான்-இ-காஸ். இளஞ்சிவப்பும் வெள்ளையுமான மண்டபத்தில் இரண்டு வெள்ளிக் குடங்கள், ஆளுயரத்துக்கு. உலகின் மிகப் பெரிய வெள்ளிப் பாத்திரங்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவை. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. போகாமல் இருக்க முடியாது. ஆனால் கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும். அப்போதைய ராஜா இரண்டாம் மாதோசிங் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலிம்பியா என்ற கப்பலையே வாடகைக்கு எடுத்து, உள்ளே சுவாமியை எழுந்தருளச் செய்து, குடிக்க கங்கை நீரை இந்தக் குடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். லண்டனில் போய் இறங்கினால், முடிசூடவேண்டிய ராஜாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. ஜூன் 26-ல் நடக்கவேண்டிய விழா ஆகஸ்ட் 9-க்குப் போய்விட்டது. மற்ற விருந்தாளிகள் கவலைப்பட்டிருக்கலாம். நம்மவர் கையில் தண்ணீர் இருந்தது.

"14,000 வெள்ளிக் காசை உருக்கிச் செய்தது. ஒட்டுப் போடாதது. ஒவ்வொன்றும் 345 கிலோ, 4,000 லிட்டர் பிடிக்கும்" என்று கைடு ஒப்பித்தார்.

அத்திம்பேர் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன அளவு என்று காதில் விழுந்தால் சும்மா இருக்கமாட்டார். குடத்தைக் கண்ணாலேயே சுற்றளவு எடுத்தார். செல்போனில் பை ஆர் ஸ்கொயர் போட்டார். "கணக்கு உதைக்கறதே. நேர் உருளையா வெச்சாக்கூட அவ்வளவு பிடிக்காதே" என்றார். கைடு அசரவில்லை. "சார்ஜி, அது மகாராஜா லிட்டர். இப்போ இருக்கிற லிட்டர் சின்னது."

பெரியம்மாவுக்கு இதில் எதுவுமே அதிசயமாகப் படவில்லை. "வெளியூர்த் தண்ணி ஒத்துக்காதுன்னு ஆத்துலேர்ந்து எடுத்துண்டு போயிருக்கார். நானும்தான் அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிண்டு ரயில்ல வந்தேன். எனக்கு யாராவது கயிறு கட்டிக் காவல் போட்டாளா?" என்றாள். அக்காவின் கவலை வேறு: "இதை யாரும்மா தேய்ப்பா? எதைப் போட்டுத் தேய்ப்பா?" இருவரும் குடங்களை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். கைடு தன் தமிழில் பாதியைச் செலவழிக்க வேண்டியிருந்தது: "சீக்கிரம், சீக்கிரம்! போட்டோ, போட்டோ!"

போட்டோ என்றது பிரீதம் நிவாஸ் முற்றத்தை. நான்கு வாசல்கள், நான்கு பருவங்கள். மயில்கள் தோகை விரித்த வாசல் ஒன்று. தாமரை, ரோஜா, பச்சை அலை என்று மற்றவை. மயில் வாசல் முன்னால் போட்டோவுக்கு ஒரு வரிசை. எதிரே ஏழு மாடிச் சந்திர மஹால். ராஜ குடும்பம் இன்னும் வசிக்கிறது. உச்சியில் பெரிய கொடி ஒன்று, அதற்குமேல் கால்வாசிக் கொடி ஒன்று. ஜெய்சிங் சிறுவனாக இருந்தபோது அவருடைய சாமர்த்தியத்தைப் பார்த்து, "நீ ஒன்றேகால் ஆள்" என்று ஔரங்கசீப் கொடுத்த பட்டமாம் சவாய். அதனால் கொடியும் ஒன்றேகால். சின்னது பறந்தால் ராஜா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அன்று பறந்தது. "சாப்ட்டாரான்னு கேளு" என்றாள் பெரியம்மா.

இந்த நேரத்தில் கைடு என் போனை வாங்கி, என்னை ஓர் ஓரத்தில் நிறுத்தி, பனோரமாவில் மெல்லத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் என்னை ஓடவிட்டு மறு ஓரத்தில் நிறுத்தினார். படத்தில் முற்றத்தின் இரு மூலைகளிலும் நான் நிற்கிறேன், ஒரு மூலையில் மூச்சு வாங்கியபடி. ஜெய்சிங்கே ஒன்றேகால்தான்.

சந்திர மஹாலின் உள்ளறைகளைப் பார்க்கத் தனி டிக்கெட், தலைக்குச் சில ஆயிரம். தர்ம தரிசனக்காரர்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் பெயர் வந்ததும் அத்திம்பேர் நிமிர்ந்தார். 1962-ல் ஜெய்ப்பூர் தொகுதியில் பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 வாங்கி ஜெயித்தவர் அவர். நின்றது ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில். அதுவும் கின்னஸில் ஏறியது. "ராஜாஜி எங்க ஊர்க்காரர்" என்று அத்திம்பேர் கைடிடம் சொன்னார். "எத்தனை கிலோ?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரண்மனையிலேயே மிகக் குறைந்த எடை அதுவாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் கைடு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் ஒரு கடை. வாங்க வேண்டாம், பார்த்தால் போதும், பத்தே நிமிஷம். இந்தியாவில் எந்த அரண்மனையின் கடைசி அறையும் இப்படி ஒரு கடைதான். அங்கே ஜெய்ப்பூர் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையைக் காற்றில் வீசிப் பிடித்தார்கள். "உள்ளே பஞ்சு அரைக் கிலோதான் சார்!" அதுவரை எடை ஏற ஏற மதிப்பு ஏறியது, சாலையைக் கடந்ததும் எடை குறையக் குறைய விலை ஏறியது. அத்திம்பேர் இரண்டு வாங்கினார். அவர் இருப்பது வேலூரில்.

ஆனாலும் ஜெய்ப்பூர் போனால் கைடு இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பலகையைப் படித்தால் குடம் மட்டும்தான் தெரியும். மகாராஜா லிட்டர் தெரியாது. கடை உண்டா இல்லையா என்பதை மட்டும் வாசலிலேயே பேசி முடித்துவிடுங்கள். காலையில் கதவு திறந்த கையோடு போய்விட்டால் மயில் வாசலில் கூட்டம் இருக்காது.