தாழம்பூ சொன்ன சாட்சி

திருவண்ணாமலையில் அடியும் முடியும் காண முடியாதவை இரண்டு. ஒன்று உலகறிந்தது: சோதியாய் நின்ற சிவன். மற்றொன்று நம் ஊர்ச் சாக்கடை.

தலபுராணம் தெரியாதவர் இங்கே யாருமில்லை. வராகமாகிப் பூமியைக் குடைந்த திருமால், அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடி தேடிப் பறந்த பிரமனோ, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டு 'கண்டேன்' என்றார். நம் அலுவலகங்களில் எழுதப்படும் முன்னேற்ற அறிக்கைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

சாக்கடைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 1.45 லட்சம் பேர். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்பது அரசுப் பொறியாளர்களின் வாய்பாடு. பெருக்கினால் நாளுக்குச் சுமார் 1.57 கோடி லிட்டர். பௌர்ணமிக்கு வந்து குவியும் லட்சக்கணக்கானோர் இதில் சேர்த்தியில்லை. அவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பார்கள், எட்டு லிங்கங்களையும் கும்பிடுவார்கள், அன்னதானம் சாப்பிடுவார்கள். ஆனால் கழிப்பறைக்குப் போகமாட்டார்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கின் ஐதீகம்.

2024இல் நகராட்சி மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாற்ற ஒரு பகல் போதும். கழிவுநீருக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. சரிவு இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் தெருவிலேயே நிற்கும். சுத்திகரிப்பு நிலையம் வரை போய்ச் சேர்ந்தாலும் அங்கே வேலை பார்ப்பவை பாக்டீரியாக்கள். தொட்டிக்குள் இடைவிடாமல் காற்றை ஊதினால் அவை கழிவைத் தின்னும். ஊதுவது நின்றால் செத்துப்போகும். திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற தகராறில் அவற்றுக்கு அக்கறையில்லை. கரன்ட் பில் கட்டியாயிற்றா என்பதுதான் அவற்றின் ஒரே அரசியல்.

இது ஒரு ஊரின் கதையுமல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி, இந்திய நகரங்களில் நாளுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. கட்டிவைத்திருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி. உண்மையில் சுத்தமாவது 2,023 கோடி. மீதிக்கெல்லாம் தாழம்பூதான் சாட்சி.

புராணத்தில் கீழே இறங்கியவர் திரும்பி வந்தார். இங்கே அதுவும் நிச்சயமில்லை. பாதுகாப்புக் கவசமில்லாமல் மனிதரைக் கழிவுக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை, ரேட்டு ஏறியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சாக்கடைச் சாவுக் கணக்குகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பத் திரும்ப முதலிடம். எதெதற்கோ முதலிடம் என்று விளம்பரம் கொடுக்கிறோமே, இதற்கு மட்டும் ஏன் பேனர் இல்லை? இறங்கியவன் பெயர் பிரேதப் பரிசோதனை அறிக்கையில். 'இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்யப்படுகிறது' என்று எழுதியவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில்.

பொய் சொன்னதற்குப் பிரமனுக்குக் கோயில் போயிற்று, தாழம்பூவுக்குச் சிவபூசை போயிற்று. நம்மவர்களுக்கு அவ்வளவு பெரிய சாபம் வேண்டாம். ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு பலகை போதும்: நேற்று எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை சுத்தமானது, மிச்சம் எந்த ஓடைக்கு, எந்த ஏரிக்குப் போனது, கையெழுத்துப் போட்டவர் யார். மகாதீபத்துக்கு எத்தனை கிலோ நெய், எத்தனை மீட்டர் திரி என்று வருஷா வருஷம் பிசகாமல் சொல்கிற ஊருக்கு இந்தக் கணக்குச் சொல்ல வராதா என்ன?